சிறு தொழில்கொள்வோரும் தொழிற் சட்டங்களும்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியை முன்வைத்து ஒரு விளக்கம்

தொழிலாளர் உரிமை பற்றி நம்மிடையே எழுந்த ஆய்வுகளிற் பெரும்பாலானவை பெருந்தோட்டங்களையும் துறைமுகக் கூட்டுத்தாபனங்களையும் பெரிய ஆலைகளையுமே களமாகக் கொண்டுள்ளன. தொழிலாளர் ஆயிரக்கணக்கிற் கூடுமிடத்தில் சங்கம் தோன்றுகிறது. சங்கம் தோன்றுமிடத்திற் பிணக்கு வெளிப்படுகிறது. வெளிப்பட்ட பிணக்கு ஆவணமாகிறது. இதனால் ஆய்வாளனின் கண் இயல்பாகவே அத்திசையிற் செல்கிறது. ஆனால் ஒரு முதலாளி, அவரின் கீழ் மூன்று அல்லது நான்கு பேர் என்ற அமைப்பில் இயங்கும் வெல்டிங் பட்டறை, ஐஸ் வாடி, சாப்பாட்டுக்கடை, லொறிச் சொந்தக்காரரின் கொட்டகை, வன்பொருட்கடை ஆகியவற்றில் தொழிற் சட்டத்தின் நிலை யாது என்ற வினா போதிய அளவு ஆராயப்படவில்லை.

இச்சிறு நிறுவனங்கள் நெருங்கிக் கிடக்கும் நகரங்களுள் திருகோணமலை ஒன்று. உட்துறைமுக வீதியிலிருந்து நகரின் கடைத்தெருக்கள் வரையும், கொட்பே மீன்பிடித் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் அண்டிய பகுதிகளிலும், ஒரு கையின் விரல்களுக்குள் எண்ணத்தக்க ஊழியரைக் கொண்ட தொழிலிடங்களே கண்ணிற் படுகின்றன. இவற்றை நடத்துவோரிடமிருந்து அடிக்கடி கேட்கும் வாசகம் ஒன்று உண்டு: "ஈ.பீ.எப்., ஈ.ரீ.எப். எல்லாம் கொம்பனிக்காரருக்கு, எங்களுக்கு என்னத்துக்கு?" இக்கூற்று சட்டப்படி சரியா, பிழையா என்பதையும், பிழையாயின் அது ஏன் இத்துணை வேரூன்றியுள்ளது என்பதையும், அதனால் இழப்பவர் யார் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வரலாற்றுப் பின்னணி

திருகோணமலையின் நவீன உழைப்புச் சந்தையைத் தோற்றுவித்தது பிரித்தானியக் கடற்படைத் தளமே எனலாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தளமும், கப்பற்பட்டறையும், சீனக்குடா விமானத்தளமும், எண்ணெய்த் தாங்கித் தொகுதியும் பெருந்தொகையான உழைப்பாளரை நகருக்கு ஈர்த்தன. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் இந்நகரைத் தாக்கியமை அதன் போர்க்கால முக்கியத்துவத்துக்குச் சான்று. 1957 ஒக்டோபர் 15ஆந் திகதி கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. தேசிய இறைமையின் நோக்கில் இது வரவேற்கத்தக்க நிகழ்ச்சியே. எனினும் உழைப்பாளரின் நோக்கிற் பார்த்தால், சம்பளப் பட்டியலும் வேலை நேரமும் எழுத்தில் இருந்த ஒரு பெருந் தொழில்கொள்வோர் நகரைவிட்டு அகன்றார் என்பதும் அந்நிகழ்ச்சியின் மறுபக்கமாகும்.

அடுத்த ஆண்டே, எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசில் ரி. பி. இலங்கரத்தின தொழில் அமைச்சராயிருந்த காலத்தில், 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிறைவேறி, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. மலாயாவில் 1951இலும் சிங்கப்பூரில் 1955இலும் தோன்றிய சேமநிதித் திட்டங்களின் வரிசையில் இதனையும் வைத்து நோக்கலாம். ஓய்வூதியம் அரசாங்க ஊழியருக்கு மாத்திரமே உரியதென்றிருந்த நாட்டில், தனியார்துறை உழைப்பாளிக்கும் முதுமையில் ஒரு கைப்பிடிப்பு வேண்டும் என்ற கொள்கை அதனாற் சட்டவடிவம் பெற்றது.

பின்னர் சீனக்குடாவில் 1980இல் பிரிமா மாவாலை இயங்கத் தொடங்கியது. 1980களில் டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையும் எழுந்தது. துறைமுகம் 1979இல் நிறுவப்பட்ட இலங்கைத் துறைமுக அதிகாரசபையின் கீழ் வந்தது. இவை முறையான சம்பளப் பட்டியல் உள்ள பெரிய நிறுவனங்கள். ஆனால் ஒரு பெரிய நிறுவனம் இருக்குமிடத்தில் அதனைச் சூழப் போக்குவரத்து, பழுதுபார்ப்பு, உணவு, காவல், ஏற்றியிறக்கல் ஆகிய பணிகளைச் செய்யும் சிறு கொந்தராத்துக்காரர் பலர் தோன்றுவது எந்தத் துறைமுகத்துக்கும் பொதுவான இயல்பாகும். நமது ஆய்வுக்குரியவர்கள் இந்த இரண்டாவது வட்டத்தில் நிற்பவர்களே.

2. ஒருவரிலிருந்து தொடங்கும் சட்டங்கள்

சிறு தொழில்கொள்வோரின் கடமைகளை விளங்கிக்கொள்ளச் சட்டங்களை இரு கூறாகப் பிரித்து நோக்குதல் பயன்தரும். ஒரே ஓர் ஊழியரை வைத்திருப்பினும் பொருந்துவன ஒரு கூறு. ஊழியர் தொகை 15 ஆகும்போது பொருந்தத் தொடங்குவன மறு கூறு. இப்பிரிவினையை அறியாமையே மேற்குறித்த தவறான எண்ணத்துக்கு முதற் காரணமாகும்.

முதற் கூற்றில் தலையாயது ஊழியர் சேமலாப நிதியாகும். தொடக்கத்தில் ஊழியரின் பங்கு 4 வீதமாகவும் தொழில்கொள்வோரின் பங்கு 6 வீதமாகவும் இருந்தன. 1981 முதல் இவை முறையே 8 வீதமும் 12 வீதமுமாகும். ஊழியர் தொகைக்கு இச்சட்டத்தில் எல்லை இல்லை. வீட்டுப் பணியாளர், குடும்ப உறுப்பினர் மட்டுமே வேலைசெய்யும் தொழில்கள், பத்துப் பேருக்குக் குறைந்த அறநிலையங்கள் முதலிய சில விலக்குகளே உண்டு. நிரந்தர ஊழியர், தற்காலிக ஊழியர், பயிலுநர், நாட்கூலி பெறுவோர், துண்டுக் கணக்கிற் கூலி பெறுவோர் ஆகிய அனைவரும் வேலையின் முதல் நாளிலிருந்தே உரித்துடையோராவர். "ஆறு மாதம் பார்த்துப் பிறகு பதிவோம்" என்று கூறும் பழக்கத்துக்குச் சட்டத்தில் எவ்வித இடமுமில்லை.

இரண்டாவது, 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 1981 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியாகும். இதற்கு ஊழியர் எதனையும் செலுத்துவதில்லை. தொழில்கொள்வோரே சம்பாத்தியத்தின் 3 வீதத்தைத் தம் கையிலிருந்து செலுத்துதல் வேண்டும்.

மூன்றாவது, வேலை நேரம், விடுமுறை பற்றிய சட்டங்கள். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலமும் வாரத்துக்கு 45 மணித்தியாலமுமே சாதாரண வேலை நேரமென வரையறுக்கிறது. அதன்படி வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறையும், ஆண்டில் 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமைய விடுமுறையும் உரியன. மேலதிக வேலைக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் வழங்குதல் வேண்டும். பட்டறை, போக்குவரத்து, கட்டட வேலை, உணவகம், துறைமுக ஏற்றியிறக்கல் முதலான தொழில்கள் 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. நாற்பதுக்கு மேற்பட்ட சம்பளச் சபைகளுள் கப்பற்றுறை, துறைமுகப் போக்குவரத்துத் தொழிலுக்கெனத் தனிச் சபை ஒன்று உண்டென்பது திருகோணமலையைப் பொறுத்தவரை குறிப்பிடத்தக்கது.

நான்காவது, குறைந்தபட்சச் சம்பளம். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் மாதம் 10,000 ரூபாவென முதன்முறையாக நாடளாவிய ஓர் எல்லையை வகுத்தது. 2021இல் இது 12,500 ரூபாவாகவும் 2024இல் 17,500 ரூபாவாகவும் உயர்ந்தது. 2025ஆம் ஆண்டின் திருத்தம் அதனை அவ்வாண்டு ஏப்ரல் முதல் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் ஆக்கியது. ஓராண்டு இடைவெளியில் நிகழ்ந்த இவ்வுயர்வு சிறு தொழில்கொள்வோரின் கணக்கை மாற்றியமைத்ததென்பதில் ஐயமில்லை. சேமலாப நிதிக் கொடுப்பனவும் அதே விகிதத்தில் உயர்ந்தமையே அதன் விளைவாகும்.

இவற்றோடு, 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் சிறு நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகின்றன. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் ஒவ்வொரு பிள்ளைப்பேற்றுக்கும் 84 நாள் விடுமுறை உரியது. முன்னர் மூன்றாம் பிள்ளை முதல் இது குறைக்கப்பட்டிருந்தது. 2021இல் வேலைக்கமர்த்தும் குறைந்த வயது 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. கராஜ்களிலும் சாப்பாட்டுக்கடைகளிலும் "பழகுபவன்" என்ற பெயரில் சிறுவரை வைத்திருக்கும் வழக்கம் இன்று சட்டமீறலாகும்.

3. வரியும் சேமிப்பும்: ஒரு மயக்கம்

சிறு முதலாளிகள் பலர் சேமலாப நிதியை "கவுண்மேந்து வரி" என்றே குறிப்பிடுகின்றனர். இம்மயக்கம் வெறும் சொல் வழக்கன்று; நடத்தையையும் அது தீர்மானிக்கிறது. வரியைக் குறைத்துக் காட்டுவது சாமர்த்தியமெனச் சமூகம் கருதும்போது, சேமலாப நிதியைக் குறைத்துக் காட்டுவதும் அவ்வாறே கருதப்படுகிறது.

சம்பளத்திலிருந்து கழிக்கப்படும் உண்மையான வரி வேறொன்று. "உழைக்கும்போதே செலுத்தும் வரி" என்ற பழைய முறை 2020 ஜனவரியில் நீக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்த முற்பணத் தனிநபர் வருமான வரி 2023 ஜனவரியிலிருந்து கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 ரூபா வரையான ஊழிய வருமானத்துக்கு இவ்வரி இல்லை. ஆகவே நாம் பேசும் தொழிலிடங்களில் இவ்வரிக்கு உட்படும் ஊழியர் அரிது. கழித்தாலோ, அடுத்த மாதம் 15ஆந் திகதிக்கு முன் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அதனைச் செலுத்துதல் வேண்டும்.

சேமலாப நிதியோ அரசின் வருமானமன்று. அது ஊழியரின் பெயரில் வைப்பிலிடப்படும், பிற்போடப்பட்ட சம்பளமாகும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். பட்டறை ஒன்றில் ஒருவரின் மாதச் சம்பாத்தியம் 30,000 ரூபா எனக் கொள்வோம். அவருடைய பங்கு 2,400 ரூபா. கையில் அவர் பெறுவது 27,600 ரூபா. தொழில்கொள்வோரின் பங்கு 3,600 ரூபா. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 900 ரூபா. எனவே முதலாளியின் உண்மையான செலவு 34,500 ரூபா. தொழிலாளியின் பெயரில் மாதந்தோறும் சேர்வது 6,900 ரூபா. நால்வரை வைத்திருப்பவருக்குச் சம்பளத்துக்கு மேலான செலவு மாதம் 18,000 ரூபா, ஆண்டுக்கு 216,000 ரூபா. இத்தொகை சிறு முதலாளிக்குச் சிறிதன்று என்பதை நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆனால் அது செலுத்தப்படாதபோது மிச்சமாவது அரசின் பணமன்று. அருகில் நின்று வேலைசெய்யும் மனிதனின் முதுமைக்காலச் சோறு என்பதையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

"சம்பாத்தியம்" என்ற சொல்லின் பொருளும் கவனத்துக்குரியது. அடிப்படைச் சம்பளம், வாழ்க்கைச் செலவுப்படி, விடுமுறை நாட்கூலி ஆகியவற்றோடு, தொழில்கொள்வோர் கொடுக்கும் உணவின் பணப்பெறுமதியும் இதில் அடங்கும். மேலதிக வேலைக் கொடுப்பனவு அடங்காது. நமது பிரதேசத்துக் கடைகளிலும் வாடிகளிலும் "சாப்பாட்டோடு சம்பளம்" என்பது நெடுநாள் வழக்கு. 30,000 ரூபாவோடு மாதம் 5,000 ரூபா பெறுமதியான உணவும் பெறுபவரின் சம்பாத்தியம் 35,000 ரூபாவாகும். உணவைக் கணக்கிற் சேர்க்காது விட்டால், ஊழியர் பெயரில் மாதம் 1,150 ரூபா குறைவாகவே சேரும். அதில் 400 ரூபா அவருடைய சொந்தப் பங்கு. மீதி 750 ரூபா முதலாளி கொடுக்கவேண்டியது. இவ்வாறே சம்பளத்தின் பெரும்பகுதியை "பயணப்படி" எனவும் "ஊக்குவிப்பு" எனவும் பிரித்தெழுதி, அடிப்படையைச் சிறிதாக்கிக் காட்டும் தந்திரமும் வழக்கிலுண்டு. ஏட்டிற் சட்டம் நிறைவேறுகிறது; பொருளில் அது தோற்கிறது.

4. தவறினால் நேர்வது

ஒரு மாதத்துக்குரிய சேமலாப நிதிப் பணம் அடுத்த மாதத்தின் கடைசி நாளுக்கு முன் செலுத்தப்படல் வேண்டும். தாமதம் பத்து நாளைத் தாண்டாவிடின் 5 வீதமும், ஒரு மாதம் வரையெனின் 15 வீதமும், மூன்று மாதம் வரையெனின் 20 வீதமும், ஆறு மாதம் வரையெனின் 30 வீதமும், ஓராண்டு வரையெனின் 40 வீதமும், அதற்கு மேற்படின் 50 வீதமும் மிகைக் கட்டணமாகச் சேரும். மேற்கூறிய நால்வரின் ஒரு மாதக் கொடுப்பனவு 24,000 ரூபா. ஓராண்டு கடந்தால் அது 36,000 ரூபாவாகிவிடும். பல ஆண்டுகளாகப் பதியாது விட்ட ஒருவர் மீது முறைப்பாடு எழும்போது, கடையின் முதலையே விழுங்கும் தொகை திரண்டு நிற்பது இவ்வாறுதான்.

மேலும், சம்பளம் கொடுக்கும் வேளையிற் கழிக்கத் தவறிய ஊழியர் பங்கைப் பின்னர் அவரிடம் அறவிட முதலாளிக்கு உரிமை இல்லை. முழு 20 வீதமும் முதலாளியின் பொறுப்பாகிவிடும். செலுத்தாத பணத்தைத் தொழில் ஆணையாளர் சான்றுப்படுத்தி நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பினால், அது தண்டப்பணம் போல அறவிடப்படும். ஊழியர் தாமே வழக்குச் செலவு செய்யத் தேவையில்லை. தொழில் திணைக்களத்தின் பிரதேச அலுவலகத்தில் எழுத்திற் கொடுக்கும் முறைப்பாடே போதுமானது. "நான் எழுதிக்கொடுத்துவிட்டேன், எனக்கு ஈ.பீ.எப். வேண்டாம்" என ஊழியரிடம் வாங்கிவைக்கும் கடிதத்துக்குச் சட்டத்தின் முன் பெறுமதி இல்லை. சட்டம் விதித்த கடமையைத் தனிப்பட்ட உடன்படிக்கையாற் கரைத்துவிட முடியாது.

விபத்து நேர்ந்தவிடத்து நிலைமை இன்னும் கடுமையாகும். பதிவேடு இல்லாத தொழிலிடத்தில் ஒருவர் பாரம் வீழ்ந்தோ, மின்தாக்கியோ இறந்தால், அவர் ஊழியர்தாம் என்பதையே குடும்பத்தினர் நிறுவவேண்டி வருகிறது. நட்டஈட்டின் உச்சத் தொகை 2022இல் 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. அந்த உயர்வு பெயர் எழுதப்படாத தொழிலாளியின் வீட்டுக்குச் சென்றடைவது எளிதன்று. நாளாந்தப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவதன் பொருள் அப்போதுதான் விளங்கும்.

5. பதினைந்து என்னும் கோடு

இனி மறு கூற்றை நோக்குவோம். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தற் சட்டம், ஒழுக்காற்றுக் காரணமன்றி ஊழியரை நீக்குவதற்கு அவரின் இசைவையோ ஆணையாளரின் அனுமதியையோ வேண்டுகிறது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம், ஐந்தாண்டு சேவை நிறைந்த ஊழியருக்குச் சேவையாண்டு ஒவ்வொன்றுக்கும் அரைமாதச் சம்பளம் வழங்கவேண்டுமென்கிறது. இவ்விரண்டும் 15 ஊழியரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள நிறுவனங்களுக்கே உரியன. 30,000 ரூபா சம்பளத்தில் 12 ஆண்டு உழைத்தவருக்குப் பதினைந்து பேர் கொண்ட நிறுவனத்தில் 180,000 ரூபா பணிக்கொடையாக முப்பது நாளுக்குள் கிடைத்தல் வேண்டும். பதினான்கு பேர் கொண்ட நிறுவனத்தில் அத்தகைய தன்னியல்பான உரித்து இல்லை.

எனினும் அங்கும் கதவு முற்றாக அடைபடவில்லை. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ், பதினைந்துக்குக் குறைந்த நிறுவனத்தின் ஊழியரும் பணிக்கொடை கோரித் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். நியாயமற்ற வேலைநீக்கத்துக்கு எதிராகவும் அங்கு முறையிடலாம். ஆனால் ஒன்று கணக்கிட்டுப் பெறும் உரிமை. மற்றது வாதாடிப் பெறும் நிவாரணம். வாதாடுவதற்குக் காலமும் துணிவும் சாட்சியமும் வேண்டும். சிறு நிறுவனத் தொழிலாளியிடம் மிகக் குறைவாக உள்ளவை இம்மூன்றுமே.

ஒப்பீட்டுக்காக அயல் நாட்டையும் நோக்கலாம். இந்தியாவின் 1952ஆம் ஆண்டுச் சேமநிதிச் சட்டம் முதலில் 50 பேரையும் பின்னர் 20 பேரையும் எல்லையாக வகுத்தது. இதனால் அங்கு சிறு தொழிலிடங்களின் உழைப்பாளர் பெரும்பகுதியினர் சட்டத்தின் வெளியிலேயே நின்றனர். இலங்கைச் சட்டமோ சேமலாப நிதியைப் பொறுத்தவரை ஒருவரிலிருந்தே தொடங்குகிறது. எழுத்தளவில் இது முற்போக்கானதே. ஆனால் வேலைப் பாதுகாப்பும் பணிக்கொடையும் பதினைந்தில் தொடங்குவதால், பதினான்கில் நின்றுகொள்வதும், ஒரே தொழிலை இரு பெயர்களிற் பதிந்துகொள்வதும், ஊழியரைக் "கொந்தராத்து" எனப் பெயர்மாற்றுவதும் முதலாளிக்கு ஆதாயமான வழிகளாகின்றன. சட்டத்தின் கோடு தொழிலின் வளர்ச்சியையே தடுக்கும் முரண்பாடு இங்கு வெளிப்படுகிறது.

மீன்பிடித் தொழில் இன்னொரு சிக்கலை முன்வைக்கிறது. கரைவலையிலும் படகிலும் வருமானத்தைச் சம்மாட்டிக்கும் தொழிலாளருக்குமிடையே பங்கிடும் முறை நிலவுகிறது. பங்கு பெறுபவர் ஊழியரா, பங்காளரா என்ற வினாவுக்குத் தெளிவான விடை இல்லாதவிடத்து, சேமலாப நிதி அவரை எட்டுவதில்லை. 1990ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் மீனவருக்கென ஓர் ஓய்வூதியத் திட்டத்தை ஏற்படுத்திற்று. அது மீனவர் தாமாக முன்வந்து பணஞ்செலுத்தும் திட்டம். சம்மாட்டியின் பங்கு அதில் இல்லை. இலாபத்திற் பங்காளி, நட்டத்திலும் பங்காளி, முதுமையில் மட்டும் தனியாள் என்பதே அவருடைய நிலையாகும்.

6. ஏன் சட்டம் எட்டவில்லை?

அறியாமையையும் பேராசையையும் மாத்திரம் காரணமாகக் கூறுவது விஞ்ஞான நோக்காகாது. மூன்று புறநிலைக் காரணிகளை நாம் சுட்டலாம்.

முதலாவது, சிறு முதலாளியின் வர்க்க நிலை இரட்டைத்தன்மை வாய்ந்தது. தம் ஊழியர் முன் அவர் முதலாளி. வேலை கொடுக்கும் பெரிய கொந்தராத்துக்காரர் முன் அவரும் விலை கேட்டு நிற்பவரே. கேள்விப்பத்திரத்தில் மிகக் குறைந்த தொகையைக் குறிப்பவருக்கே வேலை என்ற முறையில், சட்டப்படி 15 வீதத்தைச் சேர்த்துக் கணக்கிடுபவர் தோற்கிறார், மறைப்பவர் வெல்கிறார். ஆகவே சட்டத்தை மதிக்கும் சிறு முதலாளியைத் தண்டிப்பது தொழில் திணைக்களமன்று, சந்தையே. சட்டம் அமுலாவது அவருக்குச் சுமையல்ல, பாதுகாப்பு என்ற உண்மை இதிலிருந்து பெறப்படுகிறது. எல்லாரும் செலுத்தும்போது மாத்திரமே எவரும் இழப்பின்றிச் செலுத்தமுடியும்.

இரண்டாவது, பிரதேசத்தின் இடர்மிகு வரலாறு. 1983 முதல் 2009 வரை நீடித்த போரும், 2004 டிசம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலையும் கடைகளையும் பதிவேடுகளையும் ஒருங்கே அழித்தன. சேமலாப நிதி உறுப்பினர் இலக்கம் தொழிலிடத்தோடு பிணைந்தது. இடம்பெயர்ந்து வேறு வேறு ஊர்களில் வேலைசெய்தவருக்குப் பல இலக்கங்களும், பதியப்படாத இடைவெளிகளும் எஞ்சுகின்றன. முதலாளி இறந்தோ நாட்டைவிட்டு நீங்கியோ விட்டவிடத்துச் சேவைக் காலத்தை நிறுவுவது கடினம். ஊழியரொருவர் தம் உறுப்பினர் இலக்கத்தையும் நியமனக் கடிதத்தையும் கணக்குக் கூற்றையும் வீட்டிற் காத்துவைத்தல் இத்தகைய பிரதேசத்தில் இன்றியமையாதது.

மூன்றாவது, தொழிலாளியின் அவநம்பிக்கை. "பிறகு தருவதைவிட இப்போதே தாருங்கள்" எனக் கேட்பவர் அறிவிலியல்லர். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியது; அவ்வாண்டுக்கு நிதி வழங்கிய வட்டியோ 9 வீதம். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு நிகழ்ந்தபோது, அரசின் பிணைமுறிகளைப் பெருமளவில் வைத்திருந்த சேமலாப நிதி அவற்றை நீண்டகால முறிகளாக மாற்றிக்கொண்டது. மாற்றாத நிதிகளின் மீது 14 வீதத்துக்குப் பதிலாக 30 வீத வரி விழுமென்ற நிலையிலேயே அம்முடிவு எடுக்கப்பட்டது. தனியார் முதலாளி தம் பங்கைச் செலுத்தத் தவறுவது போலவே, அரசும் தொழிலாளரின் சேமிப்பைத் தன் கடன் நெருக்கடிக்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தும்போது, நிதியின் மீதான நம்பிக்கை குன்றுவது இயல்பே. ஆயினும் இதிலிருந்து நிதி வேண்டாமென்ற முடிவு பெறப்படாது. கையில் வாங்கும் 2,400 ரூபாவுக்காக, முதலாளி தரவேண்டிய 4,500 ரூபாவைத் தொழிலாளி கைவிடுகிறார் என்பதே கணக்கு. நிதியைத் துறப்பதன்று, அதன் நிருவாகத்தில் தொழிலாளரின் குரலை வலுப்படுத்துவதே பொருத்தமான கோரிக்கையாகும்.

7. செய்யத்தக்கன

பல சட்டங்களை ஒன்றாக்கும் முயற்சி 2023இல் மேற்கொள்ளப்பட்டது. அவ்வரைவு உரிமைகளைத் தளர்த்துமெனத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. எளிமையாக்கல் வேறு, தளர்த்தல் வேறு என்ற வேறுபாட்டை நாம் தெளிவாக வற்புறுத்துதல் வேண்டும். சிறு முதலாளி உண்மையில் இடர்ப்படுவது வீதத்தினால் மட்டுமன்று. சேமலாப நிதிக்கு ஒரு படிவம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னொன்று, சம்பளப் பதிவேடு வேறு என்ற பெருக்கத்தினாலுமாகும். கணக்கப்பிள்ளையை வைத்திருக்க வசதியற்ற பத்துக் கடைகள் கூட்டுறவு முறையில் ஒருவரை அமர்த்திக்கொள்வது இயலாத காரியமன்று. வர்த்தகச் சங்கங்கள் உறுப்பினருக்குச் செய்யத்தக்க முதற்பணி இதுவே.

அரச நிறுவனங்களும் பெரிய ஆலைகளும் வேலையைக் கொந்தராத்துக்கு விடும்போது, ஊழியர் பெயர்ப்பட்டியலையும் சேமலாப நிதி செலுத்திய சான்றையும் காட்டிய பின்னரே பணம் வழங்கும் நிபந்தனையை ஏற்றல் வேண்டும். இது சந்தையில் மறைப்போருக்குக் கிடைக்கும் அநியாய ஆதாயத்தை நீக்கும். பணிக்கொடைக்குரிய பதினைந்து என்ற கோட்டை நீக்கி, சிறு நிறுவனங்கள் மாதந்தோறும் சிறு தொகையாகச் சேர்த்துவைக்கும் முறையொன்றை வகுத்தால், ஒரே நாளிற் பெருந்தொகை தேடும் அச்சம் முதலாளிக்கும், வெறுங்கையோடு வீடு செல்லும் அச்சம் ஊழியருக்கும் நீங்கும். தமிழ் பேசும் அலுவலர் குறித்த நாட்களில் மூதூர், கிண்ணியா, நிலாவெளி போன்ற இடங்களுக்குச் சென்று முறைப்பாடுகளை ஏற்கும் ஒழுங்கும் வேண்டும். மூதூரிலிருந்து பட்டினத்துக்கு ஒரு நாட்கூலியை இழந்து வருபவருக்கு, சட்டம் தமிழில் அச்சிடப்பட்டிருப்பது மட்டும் போதாது.

தொழிற்சங்கங்களுக்கும் ஒரு பணி உண்டு. நான்கு பேர் உள்ள பட்டறையிற் சங்கம் அமைத்தல் அரிது. ஆனால் ஒரு நகரின் பட்டறைத் தொழிலாளர் அனைவரும் ஒரு சங்கமாதல் அரிதன்று. துறைமுகத்திலும் தோட்டத்திலும் வளர்ந்த சங்க மரபு கடைத்தெருவுக்கு வந்து சேரும்போதே, ஒருவரிலிருந்து தொடங்கும் சட்டம் அந்த ஒருவரைச் சென்றடையும்.